வென்றவர் நெறியில் வெற்றி யாது?



ஜேஷ்ட மாதத்து வளர்பிறைப் பஞ்சமியைச் சுருதபஞ்சமித் திருநாளாக நாம் கொண்டாடி வருகிறோம். ஆகம நூல்களைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து, ஜினவாணியை அருச்சித்து, நம் பிள்ளைகளுக்குக் கல்வி சிறக்க வேண்டுமென்று வேண்டுகிறோம். இத்திருநாள் பெரும்பாலும் வைகாசித் திங்களில் வரும். பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்து, கல்லூரிச் சேர்க்கையை எண்ணி வீடுகள்தோறும் கவலை நிலவும் காலமும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் இத்திருநாளில் சிற்றூர் ஒன்றின் ஜினாலயத்தில் அறவுரை கூறுமாறு நம்மை அழைத்திருந்தனர். மாலைப் பூசைக்கு அனைவரும் உள்ளே சென்றுவிட்டனர். பதினேழு அகவை மதிக்கத்தக்க ஒரு சிறுவன் மட்டும் மானஸ்தம்பத்தின் மேடையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தான்.

“ஏன் தம்பி, உள்ளே வரவில்லையா?” என்று வினவினோம்.

“வேண்டாங்க ஐயா. உள்ளே எல்லாரும் மார்க் என்ன என்று கேட்பார்கள். என்னால் அப்பாவுக்கு மானம் போய்விட்டது” என்றான்.

அவன் தேர்வில் தவறியவன் அல்லன். எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தான். ஆயினும் தந்தையார் எதிர்பார்த்த எண்ணிக்கை வரவில்லை. பெரியப்பா மகன் முந்திய ஆண்டு பெற்றதைவிடக் குறைவு. அவ்வளவே. அதற்காக அவன் மூன்று நாள்களாக எவர் முகத்தையும் நிமிர்ந்து நோக்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். அன்று ஆற்றவேண்டிய உரையை ஒருபுறம் வைத்துவிட்டு, அச்சிறுவன் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியே பேசினோம். அன்று பேசியதையும், அதன்பின் நாம் எண்ணிப் பார்த்ததையும் இங்கே உங்கள்முன் வைக்கிறோம்.

மானம் என்னும் சொல்

உலக வழக்கில் மானம் என்பது பெருமையையும் கண்ணியத்தையும் குறிக்கும். நம் ஆகமங்களிலோ அது நான்கு கஷாயங்களுள் ஒன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், பேராசை எனத் தமிழிலும், குரோதம், மானம், மாயை, லோபம் என வடமொழியிலும் வழங்கும் இந்நான்குமே ஆன்மாவை வினையோடு பிணிக்கின்றன.

ஜினாலயத்தின் முன்னர் மானஸ்தம்பத்தை நம் முன்னோர் ஏன் நிறுவினர்? அதனைக் கண்ட அளவில் மானம் அகல வேண்டும் என்பதற்காகவே. வர்த்தமான மகாவீரரை வாதில் வெல்லும் எண்ணத்தோடு சமவசரணத்திற்கு வந்த இந்திரபூதி கௌதமர், மானஸ்தம்பத்தைக் கண்டதும் தம் கல்விச் செருக்கு நீங்கப்பெற்றார். பகவானின் முதற் கணதரர் ஆனார் என்பது நாம் அனைவரும் அறிந்த வரலாறு. வேதமும் தருக்கமும் கரைகண்ட பேரறிஞர்க்கே தடையாய் நின்றது அவர்தம் அறிவன்று. அறிவைப் பற்றிய செருக்கே.

அத்தகைய ஸ்தம்பத்தின் அடியில் ஒரு பிள்ளை, மானம் போயிற்றே என்று கலங்கி அமர்ந்திருக்கிறான். போனதாக அவன் எண்ணுவது அவனுடைய மானமும் அன்று, தந்தையின் மானம்! நாம் கோயில் வாயிலில் இறக்கிவைக்க வேண்டிய சுமையை இறக்காமல், நம் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு உள்ளே சென்று வழிபட்டுக்கொண்டிருக்கிறோம். இது தகுமா?

நற்காட்சியைக் குறைபடுத்தும் எட்டுவகை மதங்களைச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் எண்ணிக் காட்டுகிறார். அறிவு, மதிப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல் ஆகியவை பற்றி எழும் செருக்குகள் அவை. அவர் முதலாவதாக வைத்தது அறிவுச் செருக்கு என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். “என் மகன் இவ்வளவு மதிப்பெண்” என்று நாம் பெருமிதம் கொள்ளுங்கால், அறிவுச் செருக்கு, மதிப்புச் செருக்கு, குலச்செருக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே நம்முள் புகுந்துவிடுகின்றன. மதிப்பெண் குறைந்த நாளில் அச்செருக்கே வெகுளியாக மாறிப் பிள்ளையின்மேல் பாய்கிறது.

ஜினர் என்பவர் யாரை வென்றவர்?

நம் சமயத்தின் பெயரே வெற்றியைக் குறிப்பது. ஜினர் என்றால் வென்றவர். அவர் நெறியைப் பின்பற்றுவோர் ஜைனர். ஆகவே வெற்றி யாது என்னும் வினாவிற்கு விடை தேடி நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. ஜினர் யாரை வென்றார்? எந்த மன்னனையும் அல்லர். உடன் பயின்ற எவரையும் அல்லர். தம்முள் எழுந்த விருப்பு வெறுப்புகளை வென்றார். அவ்வெற்றியால் உலகில் ஓர் உயிரும் தோற்கவில்லை.

பரத சக்கரவர்த்தியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆறு கண்டங்களையும் வென்று முடித்த பரதர், தம் பெயரைப் பொறிக்க விருஷபாசல மலைக்குச் சென்றார். தமக்கு நிகர் எவருமில்லை என்ற எண்ணத்தோடு சென்றவர், அங்கே தமக்கு முன் வாழ்ந்த சக்கரவர்த்திகளின் பெயர்கள் நிறைந்து, எழுத இடமே இல்லாதிருக்கக் கண்டார். முன்னவர் ஒருவரின் பெயரை அழித்துவிட்டே தம் பெயரைப் பொறிக்க நேர்ந்தது. அக்கணமே தம் பெயரையும் பின்வருவோன் ஒருவன் அழிப்பான் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். முதலிடம் என்பதன் இயல்பு இதுவே. ஒருவர் பெயரை அழித்தன்றி அது எழுதப்படுவதில்லை. அடுத்த ஆண்டில் அது தானும் அழிக்கப்படும்.

அதே பரதரோடு போரிட நேர்ந்த தம்பி பாகுபலியை நினைமின். படைகள் மோதினால் எண்ணற்ற உயிர்கள் மாயும் என அமைச்சர்கள் தடுக்க, பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் என மூன்று போட்டிகள் உடன்பிறந்தார் இருவரிடையே நிகழ்ந்தன. மூன்றிலும் பாகுபலியே வென்றார். வென்ற அக்கணத்தில் அவர் கண்டது அண்ணன் முகத்தில் தோன்றிய நாணத்தையும் சினத்தையும். ஓர் அரசுக்காக உடன்பிறப்பு இந்நிலைக்கு வரலாமா என வருந்தி, வென்ற அரசை அண்ணனிடமே விடுத்துத் துறவு பூண்டார். ஓராண்டுக் காலம் கொடிகள் உடலைச் சுற்றிப் படர, அசையாது நின்றார். அத்துணைத் தவத்திற்குப் பின்னும், தம்மால் அண்ணன் துன்புற்றாரே என்னும் சிறு நினைவு அவருள் தங்கியிருந்தது. பரதரே வந்து வணங்கிய பின்னரே அந்நினைவு நீங்கி அவருக்குக் கேவலஞானம் உதித்தது.

சிரவணபெளகொளவில் சாவுண்டராயர் எழுப்பிய 57 அடி உயரத் திருவுருவமும், கழுகுமலைப் பாறையில் நம் தமிழகச் சிற்பிகள் செதுக்கிய உருவமும், போரில் வென்ற பாகுபலியைக் காட்டவில்லை. வெற்றியை விட்டு நின்ற பாகுபலியைக் காட்டுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மகாமஸ்தகாபிஷேகத்தைக் காண, 2018ஆம் ஆண்டிலும் நம் குடும்பங்கள் பல பிள்ளைகளோடு சென்று வந்தன. அத்திருவடியில் நின்று வணங்கிய பின்னும், “உன் அண்ணனைவிட ஒரு மதிப்பெண்ணாவது கூடுதலாக வாங்கு” என்று இளையவனிடம் சொல்வோமாயின், நாம் அங்கே கண்டது கல்லை மட்டுமே.

அதிபாரம்

சிராவகர் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது அஹிம்சை. அவ்விரதத்திற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்தினை உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். கட்டிப்போடுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உண்ணவும் பருகவும் கொடாது தடுத்தல் என்பன அவை. நான்காவதாகிய மிகைச்சுமை ஏற்றுதலை அதிபாராரோபணம் என்பர்.

நம்மவருள் பெரும்பாலோர் வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் உழவைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர்களின் வழிவந்தோர். நெல் மூட்டை ஏற்றிய வண்டி மேட்டில் திணறினால், வண்டியில் இருப்போரை இறங்கி நடக்கச் சொன்ன பெரியவர்களை நம்மில் மூத்தோர் கண்டிருக்கிறோம். நுகத்தடி உராய்ந்து கழுத்தில் புண் கண்ட மாட்டை, அப்புண் ஆறும்வரை அவர்கள் பூட்டியதில்லை. அது வாயில்லாச் சீவன், தன் வலியைச் சொல்லாது. நாமே பார்த்து அறிய வேண்டும் என்பார்கள்.

வாயுள்ள நம் பிள்ளைகளின் நிலை யாது? விடியற்காலையில் ஒரு டியூஷன், பகலெல்லாம் பள்ளி, மாலையில் மற்றொரு டியூஷன், இரவில் வீட்டுப்பாடம், விடுமுறை நாளில் நுழைவுத்தேர்வுப் பயிற்சி. இவற்றுள் எதனையும் நாம் தீமை என்று சொல்லவில்லை. ஆனால், ஏற்றுமுன் இந்தக் கழுத்து எவ்வளவு தாங்கும் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? “முடியவில்லை அம்மா” என்று பிள்ளை வாய்திறந்து சொன்ன பிறகும், “சோம்பல்” என்று பெயரிட்டு மேலும் ஒரு மூட்டையை ஏற்றுகிறோம் அல்லவா?

ஐந்தாம் அதிசாரமும் நம் இல்லங்களில் அறியாமலே நுழைந்துவிட்டது. பொழுது சாயுமுன் உண்பது நம் மரபு. மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளியிலிருந்து நேரே டியூஷனுக்குச் சென்று, ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை என் செய்யும்? நோன்பை விட்டு இரவில் உண்ண வேண்டும். அன்றிப் பசித்த வயிற்றோடு உறங்க வேண்டும். இரவுணவு தவிர்த்தல் பற்றி மேடையில் வலியுறுத்தும் நாம், அந்தப் பிள்ளைக்குப் பகலில் உண்ண நேரம் வைத்தோமா என்று எண்ணியதுண்டா? எறும்புக்கும் தீங்கு நேராவண்ணம் நீரை வடிகட்டிப் பருகும் இல்லத்தில், பெற்ற பிள்ளை பசித்துக் களைத்து அஞ்சி வாழ்வது அறமாகுமா?

தரசேனர் வைத்த தேர்வு

தேர்வே கூடாது என்பது நம் கருத்தன்று. சுருதபஞ்சமியின் வரலாறே ஒரு தேர்விலிருந்துதான் தொடங்குகிறது.

கிர்நார் மலையின் சந்திரகுகையில் தரசேன ஆசாரியர் வாழ்ந்திருந்தார். சுருதஞானம் தம்மோடு மறைந்துவிடுமோ எனக் கவன்று, அதனை ஏற்று நிற்கும் ஆற்றலுடைய முனிவர் இருவரை அனுப்புமாறு தென்னாட்டு முனிசங்கத்திற்குச் செய்தி விடுத்தார். அவ்விருவரும் வந்து சேர்வதற்கு முன், வெண்ணிற ஏறுகள் இரண்டு தம்மை வலம்வந்து அடிபணிவதாகக் கனவு கண்டார். வந்தோர் புஷ்பதந்தரும் பூதபலியும்.

ஆசாரியர் அவர்களைச் சோதிக்கக் கருதினார். ஒருவர்க்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவர்க்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் அளித்து, நோன்பிருந்து ஜபிக்கப் பணித்தார். ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர்முன் ஒற்றைக் கண்ணுடைய தேவதையும் தோன்றினர். தேவதையர்க்கு இவ்வுரு இயல்பன்றே என இருவரும் ஆராய்ந்து, மிகுந்த எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஜபித்தனர். தேவதையர் தம் இயல்பான வடிவில் தோன்றினர். நிகழ்ந்ததைக் கேட்டு மகிழ்ந்த ஆசாரியர் அவர்களுக்கு ஆகமத்தைக் கற்பிக்கத் தொடங்கினார்.

இத்தேர்வின் தன்மையைச் சற்றே நோக்குவோம். இருவர்க்கும் தரப்பட்ட பாடம் ஒன்றன்று. முதற்கண் இருவர்க்கும் கிடைத்தது பிழையான பயனே. அப்பிழை கண்டு அவர்கள் மனம் உடைந்துபோகவில்லை, ஆசாரியரும் இகழவில்லை. பிழையைத் தாமே கண்டு திருத்தும் ஆற்றலையே அவர் தேடினார். இருவருள் முந்தியவர் யார் என்று அவர் கேட்டதாக வரலாறு கூறவில்லை. சுமையைத் தாங்கும் வலிமை உண்டா என்று பார்த்து, உண்டு எனத் தெளிந்த பின்னரே ஏற்றினார். ஏறுகளைக் கனவில் கண்ட ஆசாரியர் அதிபாரம் என்னும் குற்றத்திற்கு இடம் தரவில்லை என்றே நாம் கொள்ளலாம்.

பின்னர் நடந்தது அதனினும் இனிது. புஷ்பதந்தர் வனவாச நாட்டிற்கும், பூதபலி திராவிட நாட்டிற்கும், அதாவது நம் தமிழ் வழங்கிய பகுதிக்கும், சென்றனர். புஷ்பதந்தர் முதற்பகுதிச் சூத்திரங்களை இயற்றி, ஜினபாலிதர் வாயிலாகப் பூதபலிக்கு அனுப்பினார். புஷ்பதந்தரின் ஆயுள் குறுகியது என்பதை உணர்ந்த பூதபலி எஞ்சிய பெரும்பகுதியை இயற்றி ஷட்கண்டாகமத்தை நிறைவு செய்தார். ஒருவர் எழுதியது சிறிது, மற்றவர் எழுதியது பெரிது. எனினும் இருவர் பெயரையும் சேர்த்தே நாம் வணங்குகிறோம். குறைவாக எழுதினார் என்று புஷ்பதந்தரை இரண்டாமிடத்தில் வைத்தவர் எவருமில்லை.

அறிவை மறைக்கும் வினை

கல்வியில் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. ஞானாவரணீய கர்மத்தின் க்ஷயோபசமம் ஒவ்வோர் உயிர்க்கும் ஒவ்வொரு வகையாய் அமைகிறது. ஒருவனுக்குக் கணக்கு எளிதில் விளங்கும், மற்றவனுக்கு மொழி, வேறொருவனுக்குக் கைத்தொழில். முயற்சியால் அந்த க்ஷயோபசமம் வளரும் என்பதால் ஊக்கத்தை நாம் ஒருபோதும் கைவிடலாகாது. எனினும் ஊக்குவது வேறு, உறுத்துவது வேறு.

ஞானாவரணீய கர்மம் எவற்றால் ஊறி வருகிறது என்பதை உமாஸ்வாமி ஆசாரியர் ஆறாம் அத்தியாயத்தில் கூறுகிறார். பிறர் அறிவின்மேல் வெறுப்பு, தான் அறிந்ததை மறைத்தல், அறிவில் பொறாமை, பிறர் கற்பதற்கு இடையூறு, அறிவை அவமதித்தல், அறிவைக் குற்றமுடையதாகப் பழித்துக் கெடுத்தல் என்பன அக்காரணங்கள். இனி நம் வீட்டுப் பேச்சை நினைத்துப் பாருங்கள். “உன் குறிப்பேட்டை அவனுக்குக் கொடுக்காதே, அவன் உன்னை முந்திவிடுவான்.” “அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார், நீயும் இருக்கிறாயே.” முதற்சொல் அறிந்ததை மறைக்கக் கற்பிக்கிறது, இரண்டாம் சொல் பொறாமையை விதைக்கிறது. பிள்ளையின் அறிவு வளர வேண்டுமென்று விரும்பி, அறிவை மறைக்கும் வினையையே பிள்ளைக்கு ஈட்டித் தருகிறோம். இதனினும் பெரிய பேதைமை வேறுண்டோ?

அனேகாந்தம் நமது நெறியின் தனிச்சிறப்பு. ஒரு பொருளை ஒரு நயத்தால் மட்டும் கண்டு இதுவே முழு உண்மை என்று சாதிப்பது ஏகாந்தம். மதிப்பெண் பட்டியல் ஒரு நயம். குறித்த நாளில், குறித்த மூன்று மணி நேரத்தில், குறித்த வினாக்களுக்கு ஒரு பிள்ளை எழுதிய விடையின் அளவை அது காட்டும். அதன் அளவில் அது மெய்யே. அப்பிள்ளை பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும், பொய் சொல்ல நாணுவதும், தோழன் அழுதால் உடனிருப்பதும் அப்பட்டியலில் வாரா. உலகப் பொருள் அனைத்தையும் பல நயங்களால் நோக்க வேண்டும் என்று பிற சமயத்தார்க்கு எடுத்துரைக்கும் நாம், பெற்ற பிள்ளையை மட்டும் ஓர் எண்ணால் அளந்துவிடலாமா?

மேலும், பிள்ளை நம் உடைமையன்று. அது தன் வினைவழி வந்த தனி ஆன்மா. நாம் அதற்கு நிமித்தமாக அமைந்தோம். தாம் எய்த இயலாத மருத்துவப் படிப்பையோ அரசுப் பதவியையோ பிள்ளை எய்தித் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர், தம் வேட்கையின் பயனை வேறோர் உயிர் சுமக்க வேண்டும் என்கிறார். அன்னியத்துவச் சிந்தனையை நாள்தோறும் ஓதும் இல்லத்தில் இவ்வெண்ணம் எழலாகாது.

உயிரைக் காத்தல்

இனிச் சொல்லப்போவது மனத்திற்கு வருத்தம் தருவது. எனினும் சொல்லாதிருத்தல் அறமன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தெரிவித்துள்ளது. இவர்கள் அனைவரின் துயரத்திற்கும் தேர்வே காரணம் என்று கூறவியலாது. ஒவ்வொரு துயரத்திற்கும் பல காரணங்கள் உண்டு. பிள்ளையை இழந்த எந்தக் குடும்பத்தையும் குற்றம் கூறுவதும் நம் நோக்கமன்று. ஆயினும், அச்சத்தோடும் நாணத்தோடும் தனித்து நிற்கும் ஒரு பிள்ளைக்கு வீடே அடைக்கலமாக இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

நம் சமயத்தில் சல்லேகனை என்னும் நோன்பு உண்டு என்பதைப் பிள்ளைகள் கேள்வியுற்றிருப்பர். அது தீர்வில்லாத நோய், முதுமை, பஞ்சம், இடையூறு ஆகிய நிலைகளில், விருப்பும் வெறுப்பும் அற்ற உள்ளத்தோடு, குருவின் வழிகாட்டலில் ஏற்பது என்று சமந்தபத்திரர் முதலாய ஆசாரியர்கள் வரையறுத்துள்ளனர். துயரத்தாலும் அச்சத்தாலும் உயிரை மாய்த்துக்கொள்ளுதல் அதனோடு எவ்வகையானும் ஒவ்வாது. அஹிம்சை என்னும் விரதம் தன் உயிருக்கும் உரியது. இதனைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அன்போடும் தெளிவோடும் எடுத்துக் கூற வேண்டும்.

பிள்ளை உறக்கமின்றித் தவித்தாலும், உணவை வெறுத்தாலும், நண்பரை விட்டு விலகினாலும், நான் இருந்து என்ன பயன் என்பது போன்ற சொற்களைக் கூறினாலும், அதனை நடிப்பென்று தள்ளாதீர்கள். அருகே அமர்ந்து, நேரே கேட்டு, பொறுமையாகச் செவிமடுங்கள். தயங்காது மருத்துவரை நாடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு மனநலச் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டு மருத்துவ உதவிச் சேவையை 104 என்ற எண்ணிலும் அழைத்துப் பேசலாம். உடல் நோய்க்கு மருந்து உண்பதில் நாணம் இல்லாதபோது, மன நோய்க்கு மருத்துவம் தேடுவதில் நாணம் எதற்கு?

செய்யத்தக்கன

நம் இல்லங்களிலும் சங்கங்களிலும் செய்யத்தக்க சிலவற்றைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

முதலாவது, முடிவு வெளியாகும் நாளில், எண்ணைக் காணுமுன் பிள்ளையோடு அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் ஓதுங்கள். “எது வந்தாலும் நீ எங்கள் பிள்ளை” என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது தெரியாதா என்று எண்ண வேண்டாம். பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, தேறாத பிள்ளைக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. ஐயமிருப்பின் மறுகூட்டல் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக் கல்லூரிகளும் வேறு படிப்புகளும் உள்ளன. இவற்றை முடிவு வந்தபின் தேடாமல் முன்னரே பிள்ளையோடு பேசி வைத்துக்கொள்க. வழி ஒன்றன்று என்று அறிந்த பிள்ளை அஞ்சாது.

மூன்றாவது, டியூஷன் நேரத்தைப் பிள்ளையின் உணவுக்கும் உறக்கத்திற்கும் ஏற்ப வகுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயுமுன் உண்ண இயலாத வகுப்பு எதுவாயினும், நேரத்தை மாற்றிக் கேளுங்கள். அன்றேல் கையில் உணவு கொடுத்தனுப்புங்கள்.

நான்காவது, நாள்தோறும் மாலையில் பெற்றோர் பிரதிக்கிரமணம் செய்யுங்கால், பிள்ளையிடம் அன்று கூறிய கடுஞ்சொல்லையும் நினைவுகூர்ந்து வருந்துங்கள். ஏகேந்திரியம் முதலாக எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டும் நாம், பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் ஐந்து பொறியுடைய உயிரிடமும் வேண்டலாம். தந்தை மகனிடம் “தவறாகப் பேசிவிட்டேன்” என்று சொல்வதால் மதிப்புக் குறையாது.

ஐந்தாவது, சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அரசு விட்ட வழக்கத்தை நம் ஆண்டுவிழா மேடைகளும் சமூக இதழ்களும் இன்னும் பற்றிக்கொண்டிருக்கலாமா? எழுதுகின்ற நாமும் அத்தகைய மேடைகளில் அமர்ந்து மதிப்பெண்ணைப் படித்துப் பரிசளித்தவர்களே. ஆதலின் இது நமக்கும் உரிய கழுவாய். தேர்வெழுதிய பிள்ளைகள் அனைவரையும் மேடைக்கு அழைத்து, எண்ணைச் சொல்லாது, ஒரே வகை நூலைப் பரிசாக அளித்து வாழ்த்துவோம். கல்வி உதவித்தொகை தேவையை நோக்கி வழங்கப்படட்டும்.

அபயதானம்

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கும் சிராவகர்க்குரிய தானங்கள். கல்வி தருவதில் தமிழ்ச் சமணர் எவர்க்கும் பின்னிட்டவர் அல்லர். நம் முனிவர் உறைந்த இடத்திற்குப் பெயராய் வழங்கிய பள்ளி என்னும் சொல்லே இன்று கல்விக்கூடத்தின் பெயராய் நிற்கிறது. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்ற பெற்றோர் நம்மிடையே பலர். அவர்தம் தியாகத்தை வணங்குகிறோம். ஆனால் சாஸ்திரதானம் செய்த கையாலேயே அபயதானத்தைப் பறித்துக்கொள்ளலாகாது. அச்சத்தோடு கற்ற கல்வி தேர்வு முடிந்ததும் அகன்றுவிடும். அச்சம் மட்டும் வாழ்நாளெல்லாம் உடன் வரும்.

அன்று மானஸ்தம்பத்தின் அடியில் கண்ட சிறுவனுக்கு வருவோம். உரை முடிந்ததும் அவன் தந்தையார் ஒன்றும் பேசாது எழுந்து வெளியே சென்றார். மேடையில் மகனருகே சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பின்னர் இருவரும் உள்ளே வந்தனர். ஆரத்தித் தட்டை வாங்கி மகன் கையில் கொடுத்து, அவன் கையைத் தம் கையால் தாங்கி ஆரத்தி எடுத்தார். அங்கிருந்தோர் எவரும் அவனிடம் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. அவன் இன்று என்ன படிக்கிறான், எங்கே பணிபுரிகிறான் என்பதை நாம் எழுதப்போவதில்லை. எழுதினால் அதனையும் ஓர் அளவுகோலாக்கிவிடுவோம். அன்றிரவு அந்தத் தந்தையார் தம் மானத்தை வென்றார் என்பதொன்றே நாம் அறிந்தது. ஜினநெறியில் வெற்றி என்பது அதுவே.

வரும் சுருதபஞ்சமியில் ஜினவாணியை வணங்குங்கால், நம் பிள்ளைகளுக்கு நல்லறிவு வேண்டுவதோடு, நமக்கு நற்காட்சியும் வேண்டுவோமாக. மானஸ்தம்பத்தைக் கடக்குங்கால் நம் சுமையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளைகளின் கைப்பற்றி உள்ளே செல்வோமாக.

எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க! ஜினதருமம் வளர்க!